அமலாவின் கடிதத்தில் போன என் சந்தோஷம்

கன்னியர் மடத்தில் வருகிறவர்களை உட்காரவைக்கும் பார்லரில் எப்போதும் கமலா ஆரஞ்சுத் தோல் காயும் வாசனை அடிக்கும். இன்றைக்கும் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் யாராவது பழம் உரித்தால் எனக்கு அந்த அறைதான் ஞாபகம் வரும். கிறிஸ்துமஸுக்கு முன்னால், ஸ்பெயினிலிருந்து பணம் அனுப்பி என் தங்கை அமலாவைப் படிக்கவைத்த, எங்கள் வீட்டில் "ஸ்பெயினம்மா" என்று சொல்லும் பெண்மணிக்கு, வருடந்தோறும் அங்கே உட்கார்ந்துதான் நன்றிக் கடிதம் எழுதுவோம். வீட்டுக்கு ஒரு பிள்ளைக்குத்தான் அந்த உதவி என்றதால் அது அவளுக்குப் போனது. நான் எட்டாவதோடு நின்று, நிலக்கோட்டைச் சந்தைப் பூவை அம்மாவோடு உட்கார்ந்து கட்டிக்கொண்டிருந்தேன்.

கடிதத்தை மொழிபெயர்க்கும் சிஸ்டர் பல வருடம் ஸ்பெயினில் இருந்தவர். ஒரு வருடம் அமலா "சந்தோசமா இருக்கேன்" என்றதும் பேனாவை நிறுத்திவிட்டு, "எந்த மாதிரிச் சந்தோசம் பாப்பா?" என்று கேட்டார். அந்த ஊர்ப் பாஷையில், வயிறு நிறைந்து குறையில்லாமல் இருந்தால் "கொந்தேந்தா", பாட்டும் கூத்துமாகப் பொங்கினால் "அலெக்ரியா", வாழ்க்கையே நல்லபடி அமைந்தால் "பெலிசிதாத்" என்று விரித்துச் சொன்னார். அம்மா அதைப் பரீட்சை என்றே நினைத்துவிட்டாள். தப்பான சந்தோஷத்தைச் சொன்னால் உதவி நின்றுபோகும் என்று பயந்து, "எது ஒசத்தியோ அதப் போடுங்க சிஸ்டர்" என்றாள்.

"ஒசத்தி தாழ்த்தி இல்லம்மா, உள்ளத எழுதணும்."

அமலா திருதிருவென்று விழித்தாள். அவள் படிப்பும் நின்றால் நான் நின்றது வீணாகிவிடுமே என்ற பதற்றத்தில் நானே சொன்னேன்: "வரப்போறத நெனச்சா ராத்திரி தூக்கம் வராதுல்ல சிஸ்டர், அந்தச் சந்தோசம்."

சிஸ்டர் முகம் மலர்ந்தது. "அதுக்குன்னே ஒரு வார்த்தை இருக்கு, இலுசியோன்" என்று எழுதினார்.

அது என்னுடையது. பள்ளி திறக்குமுன் புதுப் புத்தகத்தை நினைத்து பாயில் புரண்டவள் நான். அமலா படுத்தால் மரக்கட்டை. ஸ்பெயினம்மாவோ அந்த ஒரு வார்த்தையில் உருகி, "எவ்வளவு நுட்பமான பிள்ளை!" என்று எழுதி, கல்லூரி வரைக்கும் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். "வாயே தெறக்க மாட்டாளே, இம்புட்டும் அவளா சொன்னா?" என்று பக்கத்துவீட்டு அத்தை கேட்டதற்கு, "பின்ன யாரு?" என்றாள் அம்மா, என் முகத்தைப் பார்க்காமல்.

சிஸ்டர் இறந்துபோனார். பார்லர் இருந்த இடத்தில் கம்ப்யூட்டர் அறை வந்திருக்கிறது. எந்தச் சந்தோஷம் என்று நிறுத்திக் கேட்பார் இல்லை. மொழிபெயர்க்கச் சொல்லிப் போனில் தட்டினால் எல்லாவற்றுக்கும் ஒரே வார்த்தை வந்து விழுகிறது. அமலா இப்போது அந்த நாட்டிலேயே நர்ஸ். போன ஞாயிற்றுக்கிழமை பேசும்போது, "சின்ன வயசுல நான் சொன்னேன்லக்கா, தூக்கம் வராத சந்தோசம்னு? இங்க எல்லார்ட்டயும் அதச் சொல்லுவேன்" என்றாள். பொய் சொல்லவில்லை, மெய்யாகவே அப்படித்தான் நம்புகிறாள். "ஆமா, நல்லாத்தான் சொன்ன" என்று போனை வைத்தேன்.

போட்ட சோற்றை மூடிவைத்தேன். கோபித்துக்கொள்வாளோ, பேச்சே விட்டுப்போகுமோ, இந்த வயதில் இதற்கெல்லாம் சண்டையா என்று ஆயிரம் யோசித்துவிட்டு, திரும்ப அழைத்தேன்.

"ஏடி அமலா, அதச் சொன்னது நான்டி."