வெள்ளையம்மாவின் போனை ரூட் செய்த கதை

செல்போன் பழுதுபார்ப்பவனிடம் எல்லாரும் கேட்கும் வரம் ஒன்றுதான்: எல்லாம் மாற வேண்டும், எதுவும் போகக் கூடாது. ‘இடம் இல்லை’ என்று போன் சொன்னதும் எதை அழிப்பது என்று விழிக்கும் நண்பர்களே, செம்மேடு பஸ் நிலையத்துக்கு எதிரே உள்ள என் கடைக்கு வந்த வெள்ளையம்மாவும் உங்கள் கட்சிதான்.

புதுசு வேண்டாம்

ஆலத்தூர் நாடு என்னும் மலைக்கிராமப் பகுதியில் மரவள்ளியும் மிளகும் போடுகிறவர். கணவர் போர்வெல் லாரியோடு வடக்கே போய், ஊர் ஊராகப் பூமியைத் துளைத்துக்கொண்டிருக்கிறார். வீட்டில் சிக்னல் கிடையாது; மேட்டுக்கு ஏறினால்தான் அவர் அனுப்பிய குரல் செய்திகள் மொத்தமாக வந்து விழும். இப்போது போன் நிரம்பி, அவையும் விழவில்லை. மெமரி கார்டு காலியாகத்தான் கிடந்தது; ஆனால் வருகிற செய்திகளை நேராக அதில் இறக்க அந்தப் பழைய போன் விடாது. புதுசு வாங்கலாமே என்றேன்.

“அவரு வரும்போது வாங்கியாரேன்னு சொல்லியிருக்காருங்கண்ணா. நா முந்திக்கிட்டா, அவரு வர என்ன சாக்கு இருக்குது?”

சொல்லக்கூடாத பாஸ்வேர்டு

மிச்சமிருந்த வழி ரூட் செய்வது. கம்பெனி பூட்டிவைத்த உள்ளறையின் சாவியை நாமே எடுத்துக்கொள்வது என்று வைத்துக்கொள்ளுங்கள். ரூட் என்றால் வேர் என்று சொல்லின் பொருளிலிருந்தே தொடங்கினேன். மரவள்ளி பிடுங்குகிறவரிடம் வேரைப் பற்றிப் பாடம் எடுத்தது அதிகப்பிரசங்கித்தனம்தான், பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

பூட்டைத் திறக்கும்போது போன் தன்னிடம் உள்ளதையெல்லாம் துடைத்துவிடும் என்றதும் அதை என் கையிலிருந்து வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். முதலில் நகல் எடுப்பேன், அதுவும் கடைக் கம்ப்யூட்டரில் இல்லை, உங்கள் கார்டிலேயே. கார்டைக் கழற்றி உங்களிடம் தந்த பிறகுதான் பூட்டைத் தொடுவேன் என்றேன். பாஸ்வேர்டை என்னிடம் சொல்லாதீர்கள், நீங்களே போடுங்கள் என்றும் எச்சரித்தேன். எச்சரிக்கைக்கு அவசியமே இருக்கவில்லை.

“நா எப்படிங்க சொல்லுவேன்? அது அவரு பேருல்ல!”

திட்டும் சேர்த்து

நகல் எடுத்ததோடு விட்டால் அரைவேலை. அது பேசுகிறதா என்று கேட்டுப் பார்க்க வேண்டும். கார்டைச் சோதனைக்கு வைத்திருக்கும் போனில் போட்டு, இயர்போனை அவரிடம் கொடுத்தேன். ஒவ்வொன்றாகக் கேட்டார். மிக்சர் வாங்குவது போல வந்தவர், நகைக்கடையில் உட்கார்ந்திருப்பது போல உட்கார்ந்திருந்தார். சிலவற்றில் லாரி இரைச்சல் மட்டும்தானாம். சிலவற்றில், மிளகைச் சரியாகக் காயவைக்காமல் விற்றதற்குத் திட்டு. அதையாவது விட்டுவிடலாமா என்றேன்.

“திட்டுறதுக்குன்னாச்சும் நெனச்சிருக்காருல்லீங்க? ஒண்ணையும் விடாதீங்க.”

நம்பாத பேங்க்

கார்டு முந்தானை முடிச்சுக்குப் போனது. வேலை நடுவில் சார்ஜ் போனால் போன் எதற்கும் உதவாத செங்கல்லாகிவிடும் என்பதால் முழுக்க ஏற்றிக்கொண்டு, பூட்டைத் திறந்து, ரூட் செய்து, கார்டைக் கேட்டு வாங்கி நகலைத் திரும்ப ஏற்றி, இனி வரும் செய்திகள் கார்டுக்கே போகும்படி வழிசெய்தேன். தேங்கியிருந்தவை டிங் டிங்கென்று வந்து விழுந்தன. எந்தச் செயலி ரூட் அனுமதி கேட்டாலும் கொடுக்காதீர்கள் என்றேன். பேங்க் செயலி இனித் திறக்காது, பூட்டு திறந்த போனை அது நம்பாது என்று முன்பே சொன்னதையும் நினைவுபடுத்தினேன்.

“போகட்டுமுங்க. பேங்கு எங்கூடப் பேசி என்ன ஆகப்போவுது?”

பழையபடி

அடுத்த சந்தையன்று வந்தார். முகம் சரியில்லை. கணவரின் புதிய செய்தியைப் போட்டுக் காட்டினார். “போன் சரியாயிருச்சா கண்ணு? அப்பப் புதுசு வேண்டாம். நா இன்னொரு பக்கம் வேலை பாத்துட்டு மெல்ல வாரேன்” என்றது உற்சாகமான குரல். பழையபடி கெடுத்துக் கொடுங்கள் என்றார் வெள்ளையம்மா.

கெடுக்கலாம், அதற்கும் நகல் எடுக்க வேண்டும். அத்தனை சிரமம் எதற்கு, பேங்க் திறக்காது என்பது உண்மைதானே என்றேன். அவருக்கு அது போதும். அப்புறம், எதிரே பஸ் அடித்த ஹாரனையும் பொருட்படுத்தாமல், போனை வாயருகே பிடித்துக்கொண்டார்.

“ஏனுங்க மாமா, இந்தப் போன்ல பேங்கு வராதாமா. கடைக்கார அண்ணனே சொல்லீட்டாரு, புதுசுதான் வேணுமாமா. கொரியர்லயெல்லாம் அனுப்பாதீங்க, ஒடஞ்சுபோவும். நீங்களே கொண்டாங்க.”

பழுது பார்ப்பது எங்கள் தொழில் என்றாலும், எந்தப் பழுதை அப்படியே விட்டுவைக்க வேண்டும் என்பதை வாடிக்கையாளர்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.