சண்முகவேல் அண்ணாச்சியும் ஒரு டெம்போ சுரைக்காயும்

அண்ணாச்சி போய்விட்டார். காலையில் கடை ஷட்டரைத் தூக்கப் போனவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்... அவ்வளவுதான்.

மயிலாப்பூர் பக்கம் இருப்பவர்களுக்குத் தெரியும். மளிகைக் கடையில் பாதியைக் காலி செய்து, மருந்தடிக்காத காய்கறிக்குக் கொடுத்தாரே, அந்த சண்முகவேல் அண்ணாச்சி. நான் அந்தக் கடையின் வாட்ஸ்அப் குரூப் அட்மின். சம்பளம் கிடையாது, திட்டு மட்டும் உண்டு.

காய் எல்லாம் மதுராந்தகம் பக்கத்துச் சின்னச் சின்ன விவசாயிகளிடமிருந்து வரும். ஞாயிறு காலை டெம்போ வந்தால் தெருவே கூடிவிடும். பாதிப் பேர் வாங்க, பாதிப் பேர் குறை சொல்ல.

ஒருமுறை எதிர் ஃபிளாட் மாமி கத்திரிக்காயில் புழு என்று பையோடு திரும்பி வந்தார். அண்ணாச்சி புழுவை உற்றுப் பார்த்தார். "மருந்தடிச்சிருந்தா இது உசிரோட இருக்குமா மாமி? சாட்சி சொல்லல்லா வந்திருக்கு!"

"சாட்சியை நீங்களே வெச்சுக்கோங்கோ அண்ணாச்சி. எனக்கு வேற காய் குடுங்கோ."

மாற்றிக் கொடுத்தார். அந்தப் புழுக் கத்திரிக்காயைத் தன் வீட்டுக்கு எடுத்துப் போனார். மனைவி செல்வி அக்காவிடம் என்ன வாங்கிக் கட்டிக்கொண்டாரோ...

ஆனால் அண்ணாச்சி என்றால் எனக்குச் சுரைக்காய்தான்.

கன்னியப்பன் என்று ஒரு விவசாயி. உரம், மருந்து எல்லாவற்றையும் நிறுத்திய முதல் வருஷம். விளைச்சல் குறைந்து, வீட்டில் தினமும் சண்டை. இந்தச் சுரைக்காயும் விற்காவிட்டால் பழையபடி மருந்துக் கடைக்கே போய்விடுவேன் என்றார். "விளைய வைக்கது உம்ம பாடு, விக்கது எம் பாடு" என்று அண்ணாச்சி வாக்குக் கொடுத்துவிட்டார்.

கொடுத்தவர் காலண்டரைப் பார்த்திருக்க வேண்டாமா? வருஷா வருஷம் முருகர் படம் போட்டு ஊருக்கெல்லாம் தினசரி காலண்டர் கொடுக்கிற மனுஷர்!

டெம்போ நிறைய சுரைக்காய் வந்து இறங்கியது. சரியாக மகாளயபட்சத்தில், பித்ருக்களுக்காகப் பல வீடுகளில் சுரைக்காயைத் தொடாத பதினைந்து நாளில்.

எதிர் ஃபிளாட் மாமி எட்டிப் பார்த்துவிட்டு இரண்டடி பின்னால் போனார். "பட்சத்துல சுரைக்காயா? ஆத்துக்குள்ள எடுத்துண்டே போக முடியாது அண்ணாச்சி!" அடுத்தவரும் அதையே சொன்னார். அதற்கு அடுத்தவரும்.

கன்னியப்பன் டெம்போவைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகத்தில் ஈயாடவில்லை. அண்ணாச்சி ஒரு நிமிஷம் தலையைச் சொறிந்தார். "ஏறுங்க வே" என்றார்.

வண்டி நேராகத் திருவல்லிக்கேணி. அங்கே மெஸ் நடத்துகிற மச்சான் தலையில் மொத்தத்தையும் கட்டிவிட்டார். அந்த வாரம் மேன்ஷன் பேச்சிலர்களுக்குச் சுரைக்காய் கூட்டு, சுரைக்காய் சாம்பார், சுரைக்காய் அடை. ஒருத்தன் டம்ளரைத் தூக்கிப் பார்த்து, "இன்னா நைனா, தண்ணியிலயாச்சும் போடாம வுட்டியா?" என்று கேட்டானாம். மச்சான் ரொம்ப நாள் அண்ணாச்சியோடு பேசவில்லை.

கன்னியப்பன் மருந்துக் கடைப் பக்கம் போகவில்லை. இன்றுவரை.

இன்று மத்தியானம் சாவு வீட்டுக்கு அவரும் வந்திருந்தார். மாலை வாங்கக்கூடத் தோன்றாமல், வயலில் நின்ற வேட்டியோடு பஸ் ஏறி வந்துவிட்டார். அண்ணாச்சியின் காலருகே நின்று அழுதார். அப்புறம் ஓரமாக உட்கார்ந்து, வீட்டை ஒட்டிய கடையின் ஷட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் தோட்டத்தில் வெண்டைக்காய் பறிப்புக்குத் தயார் என்று எனக்குத் தெரியும். இனி யார் எடுப்பார்கள்? சாவு வீட்டில் இதை எப்படிக் கேட்பது? அவரும் கேட்கவில்லை.

எடுத்துக்கொண்டு போனதும் எல்லோரும் கிளம்பினார்கள். சாவு வீட்டில் 'போய்ட்டு வரேன்' சொல்லக் கூடாது இல்லையா... தலையைக் குனிந்துகொண்டு, வாயைத் திறக்காமல் நழுவினோம். கன்னியப்பன் மட்டும் பழக்க தோஷத்தில் செல்வி அக்காவைப் பார்த்து, "அப்ப வரேன்க்கா" என்றுவிட்டார்.

வாசலில் ஒரு பெரியவருக்குப் பகீரென்றது. "யோவ்! எங்க வந்து இன்னா சொல்ற?" கன்னியப்பன் நாக்கைக் கடித்துக்கொண்டார். எனக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்து தொலைத்தது.

செல்வி அக்கா நிமிர்ந்து பார்த்தார். அழுதழுது முகமெல்லாம் வீங்கியிருந்தது.

"சொல்லட்டும், விடுங்க. நீங்க ஞாயித்துக்கெழம வாங்கண்ணே. கடை தொறந்திருக்கும்."

கன்னியப்பன் அங்கேயே சுவரைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார்.

நான் முறைப்படி சொல்லாமல்தான் வந்தேன், அண்ணாச்சி. கோபித்துக்கொள்ளாதீர்கள்.