அத்தை கிள்ளிய நூல்

போடிமெட்டில் சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்து. நான் அப்போது இரண்டாம் வகுப்பு. அம்மாவுக்குக் காய்ச்சலாக இருந்ததால் அத்தைதான் என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். அத்தை என்றால் அப்பாவின் அக்கா. எங்கள் தெருவிலேயே குடியிருந்தாள். மலையேறும் ஜீப்பில் ஆளுக்கு ஒரு இடம் என்பதெல்லாம் கிடையாது, ஆளுக்கு மேல் ஆள்தான். நான் அத்தை மடியில். ஒரு கொண்டை ஊசி வளைவில் எதிரே பஸ் வந்துவிட, டிரைவர் பிரேக்கை மிதித்த மிதியில் என் வாய் முன்சீட்டுக் கம்பியில் போய் மோதியது. காது குத்த இருந்தது வேறு பிள்ளைக்கு. கிழிந்தது என் உதடு.

கீழுதட்டின் உள்பக்கம் பல் பதிந்து பிளந்திருந்தது. எங்கள் ஊர் போடிக்கே திரும்பி வந்து ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள். "பிரிக்க வர வேண்டியதில்ல, நூல் தானா கரைஞ்சு போயிரும். சாப்பிட்டதும் உப்புத் தண்ணியில கொப்புளிக்கணும்" என்றார் டாக்டரம்மா. சேதி கேட்டுக் காய்ச்சலோடு ஓடி வந்திருந்த அம்மா தலையை ஆட்டிக்கொண்டாள். எனக்கோ நம்பிக்கை வரவில்லை. கரைகிற நூலை வைத்து யாராவது உதட்டைத் தைப்பார்களா? சீனி தண்ணீரில் கரைவதைப் பார்த்திருக்கிறேன். வாயில் ஈரம் படப்பட நூல் கரையும், நூல் கரைந்தால் உதடு மறுபடி பிளக்கும், மறுபடி அந்த ஊசி. என் கணக்கில் ஒரு ஓட்டையும் இல்லை.

ஆகவே வாயை மூடிக்கொண்டேன். கொப்புளிக்கச் சொன்னால் கன்னத்தை மட்டும் உப்பவைத்துவிட்டுத் தண்ணீரைக் கறிவேப்பிலைக் கன்றுக்கு ஊற்றினேன். அம்மா கண்டுபிடித்து, பக்கத்திலேயே நின்று கொப்புளிக்க வைத்தாள். ஒவ்வொரு வாய்த் தண்ணீரையும் துப்பும்போது நூலும் போயிருக்கும் என்று உயிர் போய் வரும். ஆறின கஞ்சிதான் இறங்கியது. பேச்சையும் விட்டுவிட்டேன். தெருவே அறிந்த வாயாடி நான். வீட்டில் ரேடியோ நின்றுபோய்விட்டது என்று அப்பா கேலி செய்தார்.

பேச்சை நிறுத்தியது நான் மட்டுமில்லை. அம்மா அத்தையோடு பேசுவதே இல்லை. மடியில் வைத்திருந்த பிள்ளையை இறுக்கிப் பிடிக்கத் தெரியாதா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள், அதையும் அப்பாவிடம்தான் கேட்டாள். அத்தை தினமும் சாயங்காலம் வேலை முடிந்து நேராக எங்கள் வீட்டுக்கு வருவாள். அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். "ஆத்தா, வாயக் காட்டு பாப்போம்" என்பாள் அத்தை. நான் மாட்டேன் என்று தலையை ஆட்டுவேன். கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டுப் போவாள். வேறு சோலியே இல்லையா இவளுக்கு என்று எனக்கு எரிச்சலாக வரும்.

அத்தைக்கு ஏலக்காய் பொறுக்கும் கடையில் வேலை. காயில் ஒட்டியிருக்கும் காம்பை நகத்தால் கிள்ளி எறிந்துவிட்டு, பெரிது சிறிது என்று பிரித்துப் போடவேண்டும். வருஷக்கணக்காகக் கிள்ளிய கை, கடைக்கு வெளியேயும் சும்மா இருக்காது. யார் சட்டையில் பிசிறு தொங்கினாலும், எது எங்கே நீட்டிக்கொண்டிருந்தாலும் கேட்காமல் கிள்ளிவிடும்.

ஒரு சாயங்காலம் எனக்குக் கொட்டாவி வந்துவிட்டது. கொட்டாவியை யாரால் தடுக்க முடியும்? வாய் திறந்தது, எதிரே அத்தை இருந்தாள். தையலின் முனை ஒன்று தளர்ந்து வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறது. கண் இமைப்பதற்குள் கிள்ளிவிட்டாள்.

அவள் விரல் நுனியில் கறுப்பாக நூல். அவளும் பார்த்தாள், நானும் பார்த்தேன். தெருவே கூடும்படி அலறினேன். "அய்யய்யோ, கை தானாப் போயிருச்சே!" என்று அத்தை தலையில் அடித்துக்கொண்டாள். அடுப்படியிலிருந்து ஓடி வந்த அம்மா, ஒன்றும் கேட்காமல் என்னைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தாள். செருப்புக்கூடப் போடாமல் அத்தை பின்னால் ஓடி வந்தாள்.

டாக்டரம்மா உதட்டைப் புரட்டி லைட் அடித்துப் பார்த்தார். "நல்லா ஆறிருச்சும்மா, சதை ஒட்டிக்கிருச்சு. நூலு இன்னைக்கோ நாளைக்கோ தானா விழுந்திருக்கும்" என்றவர், அத்தையைப் பார்த்து, "அதுக்காக இப்படிக் கையை வைக்கலாமா?" என்று ஒரு அதட்டல் போட்டார். ஊசி இல்லை. எனக்கு அது ஒன்று போதும். நாக்கால் தடவிப் பார்த்தேன். உதடு உதடாகவே இருந்தது. அப்பாடா என்றிருந்தது. அடக்கி வைத்திருந்த பேச்சையெல்லாம் அந்த மேஜை முன்னாலேயே கொட்டத் தொடங்கினேன்.

வெளியே வந்ததும் அம்மா அத்தையைப் பிடித்துக்கொண்டாள். "ஏன் மதினி, எம்புள்ள வாயி என்ன ஏலக்காயா? வெறுங்காலோட ஓடியாந்திருக்கீக, கால்ல முள்ளுகிள்ளு ஏறுனா யாரு பாக்குறது? வெரசா வாங்க வீட்டுக்கு. சோறு வடிச்சு வச்சிருக்கேன், தின்னுட்டுத்தான் போகணும்."

ரோட்டில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு அத்தனை சத்தம். அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

எனக்குப் பாவமாகப் போய்விட்டது. புண்தான் ஆறிவிட்டதே, இன்னும் எதற்குத் திட்டி அழவைக்கிறாள் என்று அம்மா மேல் கோபம் வந்தது. "போதும், விடும்மா" என்றுகூடச் சொன்னேன். இரண்டு பேரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அடிபட்ட நாளிலிருந்து அம்மா அத்தையிடம் பேசிய முதல் பேச்சு அதுதான் என்பது அந்த வயதில் எனக்கு உறைக்கவில்லை.