துலக்கிய அடுப்பு

எங்கள் தெருவில் முதன்முதலாக மண்ணெண்ணெய்ப் பம்பு அடுப்பு வாங்கினவன் நான்தான். சீமையில் ஜெர்மன்காரனோடு பெரிய சண்டை தொடங்குவதற்கு ஒன்றிரண்டு வருஷம் முந்தி. போகிறவர் வருகிறவர் எல்லாரிடமும் அப்போது அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஆசைப்பட்டு வாங்கவில்லை. என் வீட்டுக்காரிக்கு இளைப்பு உண்டு. கல்யாணமாகி வந்த நாலு வருஷத்தில் அது கூடிக்கொண்டேதான் வந்தது. ஐப்பசி மழையில் விறகு நனைந்து அடுப்படி முழுக்கப் புகை மண்டி நிற்கும்போது, சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து நிற்பாள். தோள் இரண்டும் ஏறி இறங்கும். கூப்பிட்டால் கையைத்தான் காட்டுவாள், பேச்சு வராது. பாளையங்கோட்டையில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போய்க் காட்டினேன். நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்துவிட்டு, "புகையில நின்னா இந்த உடம்பு தாங்காது வே. அடுப்படிக்குள்ள விடாதேயும்" என்றார். அவர் வேலை அத்தோடு முடிந்தது. அடுப்படிக்குள் போகாத மருமகள் ஒரு சைவ வீட்டில் என்ன செய்துகொண்டு இருப்பாள் என்பதை நாங்கள் அல்லவா யோசிக்க வேண்டும்?

சேதி ஸ்ரீவைகுண்டத்துக்குப் போயிற்று. அங்கே இருந்த என் மாமனார், பிள்ளையைக் கொஞ்ச நாள் அனுப்பி வையுங்கள், இங்கே சமைக்க ஆள் இருக்கிறது என்று எழுதினார். கொஞ்ச நாள் என்றால் எத்தனை நாள் என்று அவர் எழுதவில்லை. இளைப்பு தீர்ந்தால் அல்லவா திரும்பி வர? பிள்ளை குட்டி இல்லாத நேரம் வேறு. தாய் வீட்டில் போய் இருந்துவிட்டால் ஊர் என்ன பேசும் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவளுக்குப் போக மனசில்லை. எனக்கு அனுப்ப மனசில்லை. புகை இல்லாத அடுப்பு ஒன்று கிடைத்தால் இருப்பாள், இல்லையென்றால் போவாள். விஷயம் அவ்வளவுதான்.

தூத்துக்குடியில் சீமைச் சாமான் விற்கிற கடை ஒன்றில் அந்த அடுப்பைக் கண்டேன். வயிறு பருத்த பித்தளைத் தொட்டி, மூன்று கால், பக்கவாட்டில் காற்றடிக்கிற பம்பு, தலையில் ஊசிமுனை அளவு துளை. கடைக்காரர் அதைப் பற்ற வைத்துக் காட்டினார். நீலமாக எரிந்தது. புகை என்ற பேச்சே இல்லை.

"அண்ணாச்சி, நல்லா கேட்டுக்கிடுங்க" என்றார். "சூடு ஆறுததுக்கு முன்னால எண்ணெய் ஊத்தப்படாது. அணைக்கணும்னா இந்தத் திருகைத் தொறந்து விடுங்க. காத்து போயிரும், தீயும் போயிரும். தப்பித்தவறி வெளிய பத்திக்கிட்டா தண்ணிய மட்டும் ஊத்திராதிய. நனைஞ்ச சாக்கைப் போட்டு மூடுங்க, இல்ல மணலை அள்ளிப் போடுங்க."

நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். நான் தாலுகா கச்சேரியில் குமாஸ்தா; தலையாட்டுவது எனக்குக் கைவந்த கலை. இங்கிலீஷில் அச்சடித்த தாள் ஒன்றும் கூடத் தந்தார். அதைப் பத்திரமாகக் கொண்டுவந்து என் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். அவளுக்குத் தமிழே வாசிக்கத் தெரியாது, இங்கிலீஷ் தாள் எதற்கு என்று அப்போது நினைத்தேன். நான் வாசித்துச் சொல்லியிருக்கலாம். அது எனக்குத் தோன்றவில்லை. நானே கூட அதை முழுசாக வாசிக்கவில்லை.

வீட்டில் என் அக்காள் இருந்தாள். சின்ன வயசில் தாலி இழந்து வந்து, தாய் தகப்பன் இல்லாத என்னை வளர்த்து ஆளாக்கினவள். வீடு அவள் சொற்படிதான் நடந்தது. அடுப்பைப் பார்த்ததும் இரண்டு எட்டு பின்னால் போனாள்.

"ஏலே, இந்த நாத்தம் புடிச்ச எண்ணெயைக் கொண்டுபோய் அடுப்படியில வைக்கவா? சாமிக்குப் பொங்குத எடத்துலயா?"

அரை நாள் வாதாடினோம். கடைசியில் ஒரு உடன்படிக்கை ஆயிற்று. அடுப்பு பின்பக்கத் தாழ்வாரத்தில், கிணற்றுப் பக்கமாக இருக்கும். என் வீட்டுக்காரி அங்கே உட்கார்ந்து சமைப்பாள். சமையல் முடிந்ததும் வீட்டிலுள்ள மற்றப் பித்தளைச் சாமான்களைப் போல அதையும் புளியும் சாம்பலும் போட்டுத் துலக்கி எடுத்தால்தான் வீட்டுக்குள் ஏற்றலாம். எங்கள் பக்கத்தில் பித்தளை என்றால் அப்படித்தான். குடத்தில் முகம் தெரியாவிட்டால் அந்த வீட்டுப் பெண்களை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். உடன்படிக்கை எனக்கும் சம்மதமாகத்தான் இருந்தது. முதல் வெள்ளிக்கிழமை அக்காளே அடுப்பின் வயிற்றில் மூன்று விரலால் திருநீறு பூசிவிட்டாள். அதற்கப்புறம் அதை வீட்டு ஆளாகச் சேர்த்துக்கொண்டாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

என் வீட்டுக்காரி இரண்டு நாளில் அடுப்பைப் படித்துவிட்டாள். தலை சூடாகிவிட்டதா, காற்று போதுமா என்பதையெல்லாம் அதன் இரைச்சலைக் கேட்டே சொல்லுவாள். அந்த வருஷ மழைக்காலத்தில் அவளுக்கு இளைப்பு இரண்டே தடவைதான் வந்தது. வாசலில் கோலம் போட்டுவிட்டு நிமிர்ந்து, எதிர்வீட்டுக்காரியோடு தெருவுக்குத் தெரு கேட்கிற மாதிரி பேசினாள். அவளுக்கு அவ்வளவு பெரிய குரல் உண்டு என்று எனக்கு அப்போதுதான் தெரியும். எனக்கு ரொம்பச் சந்தோஷமாக இருந்தது. சந்தோஷம் தலைக்கும் ஏறியது.

கச்சேரியிலிருந்து ஆட்களைக் கூட்டிவந்து அடுப்பைக் காட்ட ஆரம்பித்தேன். வீட்டு முன்கூடமான பட்டாசாலையில் முக்காலி போட்டு, அதன்மேல் அடுப்பை வைத்து, அது எரிகிற விதத்தை விளக்குவேன். வந்தவர்கள் அது எரிவதைவிட மினுங்குவதைத்தான் அதிகம் மெச்சினார்கள். ஆகவே அது மினுங்க வேண்டும் என்று எனக்கும் ஆகிவிட்டது. கொஞ்சம் மங்கியிருந்தால், "ஏளா, இன்னைக்குக் கை வலிச்சுதோ?" என்று கேட்பேன். அவள் மறுபடியும் எடுத்துக்கொண்டு போய்த் துலக்குவாள்.

ஒரு நாள் சாப்பாடு போடும்போது சொன்னாள். "சாம்பல் அந்தத் தொளையில போயி அடைக்கு. தீ முன்ன மாதிரி இல்ல. காத்து நெறைய அடிக்க வேண்டியிருக்கு. துலக்காம, காஞ்ச துணிய வச்சுத் துடைச்சாப் போதும்னு தோணுது."

"அதுக்குத்தான் ஊசி குடுத்திருக்கானே, குத்தி விடு."

"குத்தத்தான் செய்யுதேன். எண்ணெய் ஊத்துத மூடி மரையிலயும் நறநறங்கு. எண்ணெய் கசியுத மாதிரி இருக்கு."

"பித்தளையைத் துலக்காம வச்சா அக்கா வீட்டுக்குள்ள ஏத்துவாளா? வாரவன் போறவன் என்ன நெனைப்பான்?" என்றேன். அவள் மோரை ஊற்றிவிட்டுப் போய்விட்டாள்.

அதற்கு அடுத்த வாரம். ஒரு நாள் சாயங்காலம், கச்சேரியில் எங்களுக்கு மேலதிகாரியான சிரஸ்தார் வீட்டுக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். முந்தின நாள் நானே பக்கத்தில் நின்று அடுப்பை இரண்டு தடவை துலக்க வைத்தேன். அன்று காலையில் நான் கச்சேரிக்குப் புறப்படக் குளித்துவிட்டு, கிணற்றடியில் வேட்டி பிழிந்துகொண்டிருந்தேன். அவள் உலை வைத்திருந்தாள். தீ சரியாக எழும்பாமல் மஞ்சளாகத் தவித்தது. அவள் காற்று அடித்தாள். துளையில் குத்தினாள். மறுபடியும் அடித்தாள். துளை அடைத்திருந்ததால் காற்றுக்குப் போக வழி இல்லை. மூடி மரையிலிருந்து எண்ணெய் பீச்சிக்கொண்டு வந்தது. வந்த வேகத்தில் பற்றிக்கொண்டது.

"தள்ளிப் போங்க!" என்று கத்திவிட்டு, அவள் திருகைத் திறக்கக் கையை நீட்டினாள்.

நான் தள்ளிப் போகவில்லை. நிறைந்த குடத்தைத் தூக்கி அப்படியே அடுப்பின்மேல் கொட்டினேன். பிறந்தது முதல் நான் பார்த்த தீயெல்லாம் தண்ணீரில் அணைந்த தீதான். இந்தத் தீ தண்ணீர்மேல் ஏறிக்கொண்டு தரையெல்லாம் ஓடியது. அவள் சேலைத் தலைப்பில் பிடித்தது. நீட்டிய கையில் பிடித்தது. அவள் கையை எடுக்கவில்லை. திருகைத் திறந்த பிறகுதான் எடுத்தாள். அதற்குள் அக்காள் தொழுவத்தில் கிடந்த ஈரச் சாக்கை இழுத்துக்கொண்டு ஓடிவந்து, "ஏலே, அங்கிட்டு போ!" என்று என்னை ஒரு தள்ளு தள்ளிவிட்டு, அவளைச் சாக்கோடு சேர்த்துக் கட்டிப் பிடித்தாள். எல்லாம் வெற்றிலை மெல்லுகிற நேரத்துக்குள் முடிந்துவிட்டது. நான் வெறுங்குடத்தை வைத்துக்கொண்டு நின்றேன்.

வலது கை மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் வெந்திருந்தது. ஆஸ்பத்திரியில் சுண்ணாம்புத் தெளிவும் எண்ணெயும் கலந்து தடவிக் கட்டினார்கள். மூன்றாம் நாள் மாமனார் வில்வண்டி கட்டிக்கொண்டு வந்தார். பட்டாசாலையில் உட்கார்ந்து மகளின் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எப்படி மாப்பிள்ளை ஆச்சு?" என்று கேட்டார்.

"உங்க மகளுக்குக் கவனம் பத்தாது" என்று அக்காள் உள்ளேயிருந்து சொன்னாள்.

என் வீட்டுக்காரி தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். என்னைத்தான் பார்த்தாள்.

"எண்ணெய் சரியில்ல மாமா. கடைக்காரன் எதையோ கலந்திருக்கான்" என்றேன்.

அவள் பார்வையை எடுத்துவிட்டாள். அன்று சாப்பாட்டுக்குப் பிறகு அப்பாவோடு வண்டியில் ஏறிப் போய்விட்டாள். போகும்போது போய்விட்டு வருகிறேன் என்று அக்காளிடம் மட்டும் சொன்னாள். வண்டி திரும்பியதும் அக்காள் தீர்ப்புச் சொல்லிவிட்டாள். இனி அந்தப் பிசாசு வீட்டில் எரியக் கூடாது, அவள் திரும்பி வந்தால் விறகு அடுப்புதான். விறகு அடுப்பு என்றால் அவள் வர மாட்டாள். வந்தாலும் இருக்க மாட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த அடுப்பைக் கழற்றிப் பார்த்தேன். துளை நிறையச் சாம்பல். மூடி மரையைத் துணியால் துடைத்தால் புளியும் சாம்பலுமாக அப்பிக்கொண்டு வந்தது. பெட்டியைத் திறந்து இங்கிலீஷ் தாளை எடுத்து, முதல் தடவையாக முழுசும் வாசித்தேன். காய்ந்த துணியால் துடைக்க வேண்டும், மண், சாம்பல் எதுவும் ஆகாது என்று அதில் தெளிவாக இருந்தது. தண்ணீரைப் பற்றியும் இருந்தது. கடைக்காரர் சொன்னதற்கும், அவள் எனக்குச் சாப்பாடு போட்டுக்கொண்டே சொன்னதற்கும் மேல் அதில் ஒன்றும் புதிதாக இல்லை. எனக்கு வந்த கோபத்தில் தாளைக் கிழித்திருப்பேன். கிழித்து என்ன செய்ய?

அக்காளிடம் துளையைக் காட்டினேன். அவள் வெகு நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"துலக்கச் சொன்னது நான். நான் சொன்னது தப்புன்னு எங்கிட்ட சொல்லிட்ட, சரி" என்றாள். "அவகிட்ட என்னலே சொல்லப் போற?"

அங்கேதான் சிக்கல். அவளுக்கு வாசிக்கத் தெரியாது என்றேனே. அவளுக்கு எது எழுதினாலும் மாமனார்தான் உரக்க வாசித்துக் காட்டுவார். அவளிடம் ஒரு உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் அவரிடம் சொல்ல வேண்டும். அவர் வாயாலேயே அவள் காதில் விழ வேண்டும். இரண்டு தடவை எழுதினேன். இரண்டிலும் எப்படியோ கடைக்காரன் வந்து சேர்ந்துகொண்டான். இரண்டையும் கிழித்தேன். மூன்றாவது தடவை எழுதியது சின்னக் கடிதம். எண்ணெயில் குற்றமில்லை. துலக்க வேண்டாமென்று அவள் சொன்னாள், நான் கேட்கவில்லை. தண்ணீர் ஊற்றக் கூடாதென்று கடைக்காரர் சொன்னார், நான் ஊற்றினேன். கை வெந்தது என்னால். அடுப்பு இருக்கிறது, அவள் வந்தால் அவள் சொல்கிறபடி நடக்கும். கார்டில் எழுதினால் தபால்காரன் வாசிப்பான் என்று கவரில் போட்டு ஒட்டினேன். மானம் அப்போதும் முழுசாகப் போய்விடவில்லை.

பத்து நாள் பதில் இல்லை. பிறகு மாமனாரிடமிருந்து ஒரு கார்டு வந்தது. கடிதம் வந்தது, வாசித்துக் காட்டினேன், கை ஆறிவிட்டது, வெள்ளிக்கிழமை கூட்டிவருகிறேன். அவ்வளவுதான். சந்தோஷமா கோபமா என்று அதில் கண்டுபிடிக்க முடியவில்லை. மாமனார் வந்து, மகளை விட்டுவிட்டு, மறுநாள் விடியற்காலையில் புறப்பட்டுப் போனார். என்னிடம் அடுப்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அவர் போன பிறகு அவள் தாழ்வாரத்துக்கு வந்து அடுப்பை எடுத்தாள். பித்தளை களிம்பேறிக் கறுத்துக் கிடந்தது. பழைய வேட்டித் துண்டால் துடைத்தாள். வலது கையில் இரண்டு விரல் மடங்கவில்லை, இடது கையால் காற்று அடித்தாள். அக்காள் வந்து பார்த்தாள். துலக்குகிற புளியையும் சாம்பலையும் எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"கடுதாசி வாசிச்சாங்களா?" என்று கேட்டேன். வாசித்துக் காட்டியதாகக் கார்டிலேயே இருந்தது.

"வாசிச்சாங்க. நான்தான் நம்பல."

"ஏன்?"

"எம் மனசு ஆறட்டும்னு அப்பா அவங்களாச் சேத்து வாசிக்காங்கன்னு நெனச்சேன்" என்றாள், திருகைப் பார்த்தபடியே. "பக்கத்து வீட்டு வாத்தியாரைக் கூப்பிட்டுக் கடுதாசியக் குடுத்தேன். அவரும் அதையேதான் வாசிச்சாரு. அதுக்கப்புறந்தான் வந்தேன்."

தீ நீலமாக எழும்பியது. என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"நின்னது போதும், இலையைப் போடுங்க" என்றாள்.