சாவிக்கு முன் ஒரு மூச்சு

"இன்னும் ஊதுங்கண்ணே, இன்னும்... போதும்." குழாயைக் கழற்றித் தொட்டியில் போட்டுவிட்டு, அடுத்த ஓட்டுநருக்குப் புதிதாக ஒன்றைக் கருவியில் பொருத்துகிறாள். பொழுது இன்னும் முழுதாக விடியவில்லை. பேருந்துப் பணிமனை வாசலில், மேசைக்குப் பின்னால் நின்றபடியேதான் வேலை. நாற்காலி இருக்கிறது, உட்காருவதில்லை. உட்கார்ந்தால் ஓட்டுநர்கள் அவளுக்கு முன்னால் குனிய வேண்டியிருக்கும். அது அவளுக்குப் பிடிக்காது.

குடித்திருந்தால் மூச்சிலேயே காட்டிக்கொடுக்கும் கருவி; பூஜ்யம் காட்டினால்தான் பேருந்தின் சாவி. பணிமனையில் அவளுக்கு 'ஊதுங்க' என்றே பெயர். "என்னப்பா, ஊதுங்க இன்னைக்கு லீவா?" என்று அவள் காதுபடவே கேட்பார்கள். கோபித்துக்கொள்ள மாட்டாள்.

"பொண்டாட்டி திட்டினதெல்லாம் இதுல பதிவாகுமா தங்கச்சி?"

"அது உங்க மூஞ்சியிலயே பதிவாயிருக்குண்ணே. ஊதுங்க."

வாய்தான் சிரிக்கும், கண் கருவியை விட்டு நகராது. அதைத் துடைக்க வீட்டிலிருந்தே துவைத்து மடித்த வெள்ளைத் துணி கொண்டுவருவாள். வேறு துணி அதன்மேல் படக் கூடாது.

அந்த வரிசையில் அவள் கணவனும் நின்றவன்தான். அவன் ஓட்டினால் நின்றுகொண்டு போகிறவர்கள்கூடக் கம்பியைப் பிடிப்பதில்லை என்பார்கள். அப்படிப்பட்டவனைக் குடி கரையான் மாதிரி அரித்தது. போன வருடம் ஒரு காலை, "இன்னைக்கு ஒரு நாள் கண்டுக்காம விட்டுடு. உன் புள்ளைங்களுக்கு அப்பன்டி நான்" என்று தாழ்ந்த குரலில் கெஞ்சினான். அவள் குழாயை நீட்டினாள். கருவியில் சிவப்பு எரிந்தது. அவளே அதை எடுத்துப்போய் அதிகாரியிடம் காட்டினாள்.

அவனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். மாமியார் வாசலில் நின்று, "கட்டினவன் சோத்துல மண்ணை அள்ளிப் போட்டுட்டியேடி" என்றார்.

"அந்த பஸ்ஸுல அம்பது வீட்டுச் சோறு இருந்துச்சு அத்தை." சொல்லிவிட்டுத் துணி காயப்போடப் போய்விட்டாள்.

அவன் தாய் வீட்டோடு போனான். அங்கிருந்து, யாரும் இழுத்துப் போகாமல், தானாகவே சிகிச்சைக்குச் சேர்ந்தான். "அப்பா எப்பம்மா நம்ம வீட்டுக்கு வருவாரு?" என்று மூத்தவள் கேட்கும்போதெல்லாம் ஒரே பதில்: "முதல்ல பஸ்ல ஏறட்டும்டி. அப்புறம் பாக்கலாம்."

இந்த வாரம் அவனை மறுபடியும் வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். முதல் நாள் காலை, பக்கத்து மேசையில் சோதனை பார்ப்பவர், "இங்க வாங்க, நான் பாத்து அனுப்பறேன்" என்று பெருந்தன்மையாகக் கூப்பிட்டார். அவன் நகரவில்லை. அவள் வரிசையிலேயே நின்றான்.

"ஊதுங்க" என்றாள், எல்லாருக்கும் சொல்வதுபோலவே. கண்ணில் நீர் முட்டும்வரை ஊதினான்.

பூஜ்யம்.

சாவிப் பலகைப் பக்கம் திரும்பியவனை, "இருங்க" என்றாள். கருவியை மேசைமேல் வைத்தாள். கால் விரல்களில் எம்பி, அவன் வாயருகே முகத்தைக் கொண்டுபோய், கண்களை மூடி, அவன் மூச்சை, இந்த முறை தனக்காக, மெதுவாக உள்ளே இழுத்தாள்.