தாடையில் கட்டும் தொப்பி

மலேசியாவில் கோலா கெத்தில் பக்கம் ஓர் எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் பிறந்தவன் நான். பெயர் குணாளன், வயது இருபது. பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். எழுதி முடித்த பிறகு எந்த வேலையிலும் நிலைக்கவில்லை. சுங்கைப் பட்டாணியில் கைப்பேசிக் கடை, கையுறைத் தொழிற்சாலை, கார் கழுவும் இடம் என்று மூன்றைப் பார்த்தேன். மூன்றும் எனக்குச் சரிப்படாது என்று நான் முடிவு செய்தேன். அவர்களும் என்னைப் பற்றி அதே முடிவுக்கு வந்திருந்தார்கள், கொஞ்சம் முன்னதாகவே.

அதற்குப் பிறகுதான் லங்காவித் தீவு. சினாங் கடற்கரையில் அய்யூப் அண்ணன் அலைச்சறுக்குப் பலகைகளை வாடகைக்கு விடுகிறார். தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் மட்டும் அங்கே அலை எழும். அதுவும் பெரும்பாலும் இடுப்பளவுதான். பழகுகிறவர்களுக்கு அது போதும். பலகைகளைத் தூக்குவதும் கழுவி அடுக்குவதும் என் வேலை. ஆனால் மனசுக்குள் நான் பெரிய பயிற்சியாளன். தலைமுடி காற்றில் பறக்க, அலைமேல் நின்றபடி கரைக்குக் கையசைக்கும் ஆள். உண்மையில் நான் பலகைமேல் நின்ற நேரத்தைவிட பலகை என்மேல் கிடந்த நேரம் அதிகம்.

இரண்டாவது சீசனில் அய்யூப் அண்ணன் சொன்னார்: "சனிக்கிழம ஒரு ஆள உங்கிட்ட விடுறேன் தம்பி. ஒழுங்கா சொல்லிக் குடுத்தீனா, இனி புது ஆளுங்க எல்லாம் உனக்குத்தான். இல்லன்னா ஃபெர்ரி ஏறிடு லா."

ஃபெர்ரி ஏறினால் அப்பா எனக்காக வேலை சொல்லி வைத்திருக்கும் எண்ணெய்ப்பனை ஆலை காத்திருந்தது.

ஒரே சிக்கல், கண். சில மாதங்களாகவே என் கண்கள் மிளகாய்த்தூள் பட்டதுபோல் சிவந்து கிடந்தன. மேலே வெயில், கீழே தண்ணீரில் பட்டுத் திரும்பும் அதே வெயில், நடுவில் உப்பு. அய்யூப் அண்ணன் ஆரம்பத்திலேயே ஒரு தொப்பியைக் கொடுத்திருந்தார். அகலமான விளிம்பு, பின்கழுத்தை மூடும் துணி, தாடைக்குக் கீழே கட்ட ஒரு நாடா.

அதை நான் தொடவே இல்லை. காரணம், அதைப் பார்த்ததும் எனக்கு அலை ஞாபகம் வரவில்லை. அம்மா ஞாபகம் வந்தது. அம்மா தோட்டத்தில் புல் வெட்டப் போகும்போது போடுவது அச்சு அசலாக இதே தொப்பிதான். விளிம்பு, துணி, நாடா, எல்லாம் ஒன்று. கடல் தாண்டி வந்து அந்தத் தொப்பியையே மாட்டிக்கொள்வதற்கா நான் வீட்டில் அவ்வளவு சண்டை போட்டேன்?

ஆகவே சொந்த ஏற்பாடு செய்தேன். சுங்கைப் பட்டாணி இரவுச் சந்தையில், பாசார் மாலாமில், வாங்கிய பளபளக்கும் கறுப்புக் கண்ணாடி ஒன்று. முகத்துக்கு, வெயிலில் போகும் மலாய்ப் பெண்கள் பூசுகிற பெடாக் செஜுக், அந்த அரிசி மாவுப் பூச்சு. அதையும் ஆண்மையாகத் தெரிய வேண்டும் என்று, போருக்குப் போகிறவன் மாதிரி கண்ணுக்குக் கீழே இரண்டு பட்டையாகக் கனமாகப் பூசினேன்.

சனிக்கிழமை வந்தவள் நஜ்வா. அலோர் ஸ்டார்காரி, என் வயதுதான். என் முகத்தைப் பார்த்ததும், "அண்ணே, ஏதாச்சும் வேண்டுதலா?" என்று கேட்டாள். நான் பலகையைத் தூக்கிக்கொண்டு கடலில் இறங்கினேன்.

நஜ்வா பலகைமேல் குப்புறப் படுத்துக்கொண்டாள். அலை வரும்போது பின்னாலிருந்து தள்ளி, "எழும்பு" என்று கத்த வேண்டும். அவ்வளவுதான் பாடம். முதல் அலை என் முகத்தில் அறைந்தது. கறுப்புக் கண்ணாடி போயே போய்விட்டது. கரைந்த மாவும் உப்பும் சேர்ந்து இரண்டு கண்ணுக்குள்ளும் இறங்கின. தேய்த்தேன். உப்புக் கையால் தேய்த்தால் என்ன ஆகுமோ அது ஆனது. கண்ணைத் திறக்கவே முடியவில்லை.

அதற்குள் அடுத்த அலையின் சத்தம். கையை நீட்டித் துழாவினேன். பலகை அகப்பட்டது. பலம் கொண்ட மட்டும் தள்ளி, "எழும்பு! எழும்பு!" என்று கத்தினேன்.

"டேய்! யார்ரா நீ? என்னை ஏன்டா தள்ளுற?"

அது நஜ்வாவின் குரல் இல்லை. பினாங்கிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்த சுகுமாரன் அங்கிள். படம் எடுப்பதற்காக மட்டும் பலகை வாங்கி, அதன்மேல் அசையாமல் படுத்துக் கரையில் நின்ற மனைவியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தவர். அலை அவரை அப்படியே கொண்டுபோய் மனைவியின் காலடியில் சேர்த்தது.

"விடியோல வந்துருச்சிங்க! சூப்பரா வந்தீங்க!" என்று அந்த ஆண்ட்டி கத்தியது மட்டும் எனக்குக் கேட்டது.

"ஆணியடிச்ச மாதிரி படுத்திருந்தேன்டி, அந்தப் பையன் தள்ளிட்டான்!"

பின்னால் எங்கிருந்தோ நஜ்வா, "அண்ணே, நான் இங்க இருக்கேன் லா" என்றாள்.

அய்யூப் அண்ணன் திட்டவில்லை. போத்தல் தண்ணீரை என் கண்ணில் ஊற்றிக் கழுவி, கிளினிக்குக்குக் கூட்டிப்போனார். டாக்டரம்மா விளக்கடித்துப் பார்த்தார். வெள்ளை விழியில், மூக்குப் பக்கமாக, சின்னதாகச் சதை வளரத் தொடங்கியிருக்கிறது என்றார். வெயிலிலும் காற்றிலும் பாதுகாப்பில்லாமல் கிடப்பவர்களுக்கு வருவதாம். சொட்டு மருந்து எரிச்சலைத்தான் தணிக்கும், சதையைக் கரைக்காது. கருவிழிமேல் ஏறினால் பார்வை மங்கும், அப்போது வெட்டி எடுக்க வேண்டும்.

"கறுப்புக் கண்ணாடி போட்டேன் டாக்டர்."

"கறுப்பா இருந்தா போதுமா? புற ஊதாக் கதிரத் தடுக்கணும். தடுக்காத கறுப்புக் கண்ணாடி போட்டா, இருட்டுல விரியற மாதிரி கண்ணுப் பாப்பா விரிஞ்சு, அந்தக் கதிர இன்னும் உள்ள விடும். அகலமான தொப்பி இல்லையா உங்கிட்ட?"

அய்யூப் அண்ணன் முந்திக்கொண்டு, "இருக்கு டாக்டர். தொரைக்குத்தான் அது புடிக்கல" என்றார்.

வெளியே வந்ததும் மோட்டார் சைக்கிளைக் கிளப்பாமல் நின்றார். "தொப்பி போட்டா கடல்ல இறங்கு. போடலன்னா நாளைக்கு ஃபெர்ரி. கண்ணு தெரியாதவன நம்பி நான் ஆளுங்கள விட முடியாது தம்பி."

எரிச்சல் அடங்கும்வரை கரையிலேயே பலகை கழுவினேன். அடுத்த சனிக்கிழமை நாடாவைத் தாடைக்குக் கீழே இறுக்கிக் கட்டினேன். கதிரைத் தடுக்கும் நல்ல கண்ணாடியும் வாங்கியிருந்தேன், அதற்குப் பின்னால் நீல ரப்பர்ப் பட்டை. அலை அறைந்தது. இரண்டும் இருந்த இடத்தில் இருந்தன. எரிச்சல் இல்லாமல் கடலைப் பார்த்து எத்தனை நாளாயிற்று! அலை எங்கே எழுகிறது, எங்கே உடைகிறது என்று எல்லாம் தெரிந்தது.

நஜ்வா மறுபடியும் வந்திருந்தாள். "இன்னிக்காச்சும் என்னையத் தள்ளுங்கண்ணே" என்றாள். தள்ளினேன். எழுந்தாள், மூச்சு விடும் நேரம் நின்றாள், விழுந்தாள். கரையில் அய்யூப் அண்ணன், அதற்கடுத்து வந்த இரண்டு பேரையும் என் பக்கம் கைகாட்டி அனுப்பினார்.

சாயங்காலம் அம்மா கைப்பேசியில் கூப்பிட்டார், முகம் பார்த்துப் பேசும் அழைப்பு. தொப்பியைக் கழற்ற மறந்துவிட்டேன். அம்மாவும் அப்போதுதான் வேலை முடிந்து வந்திருந்தார், அதே தொப்பியோடு. அம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"ஏன்டா, தோட்டத்துல எங்கள மேய்க்கிற மண்டோர் ஒன்னயும் வேலைக்குச் சேத்துட்டாரா?"

"ம்மா, இது கடல்ல போடுறது."

"சரி சரி. அந்தக் கண்ணாடிக்குப் பின்னால ஏதோ பட்டை இருக்கே, அது எங்க கெடைக்கும்? எங்களுக்குக் குடுத்த கண்ணாடி குனிஞ்சா விழுந்துருது. எனக்கு ஒன்னு அனுப்பு. நீலக் கலர்ல."

என் பட்டையும் நீலம்தான். தொப்பிதான் ஒன்று, பட்டையாவது வேறாக இருக்கட்டும் என்று அம்மாவுக்குச் சிவப்பு அனுப்பினேன்.