கறுப்புத் துணிக்குள் ஆர்கன்

இன்று மாலை ஐந்து நாற்பதுக்கு மகள் போனில் ஒரு பழைய ஆர்கன் இசையைப் போட்டாள். சுற்றிலும் ஓடும் சுரங்களுக்கு அடியில் ஈஸ்டர் பாட்டு மெதுவாக நகர்ந்தது.

வாழவந்தி நாடு என்ற எங்கள் மலையூரின் சிறிய ஆலயத்தில் தவக்காலம் முழுவதும் ஆர்கன் கறுப்புத் துணிக்குள் இருக்கும். ஈஸ்டர் காலையில்தான் என் அத்தை திறந்து வாசிப்பார். எனக்கு ஒன்பது வயதில், ஈஸ்டருக்கு முந்தின நாள் மத்தியானம், பூட்டிய ஆலயத்திலிருந்து பனிமூட்டத்தினூடே இதே பாட்டு வந்தது. அத்தையிடம் ஓடினேன். அவர் வீட்டில் மரவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க அத்தை, ஆர்கன் கேக்குதுங்க!"

கத்தி நின்றது. "உனக்குமா கண்ணு? எனக்கு மட்டுந்தான்னு இத்தன வருசமா வாயே தொறக்கல."

இன்று மகளிடமிருந்து போனை வாங்கி அணைத்தேன். அடியில் நகர்ந்த பாட்டு நிற்கவில்லை. அவளுக்கும் கேட்கிறதா என்று கேட்க எனக்குத் துணிவில்லை.

அவளே நிமிர்ந்தாள். "அம்மா, அணைச்சுட்டீங்கதானே?"